அருவிக்கரை கேமராக்கள்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

குற்றாலம் போய் அருவிக்கரையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்பிய குடும்பம் தென்மாவட்டங்களில் குறைவாகத்தான் இருக்கும். இன்று ஆளுக்கொரு செல்போன். ஆனால் 2000க்கு முன்பு பேரருவிக்கோ ஐந்தருவிக்கோ போனவர்களுக்கு நினைவிருக்கும். தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போதே, "ஒரு போட்டோ எடுத்துக்கிடுதியளா?" என்று கேட்டபடி, கழுத்தில் கேமராவோடு ஒருவர் எதிரே நிற்பார். அப்படி முப்பது சீசனுக்கும் மேல் நின்ற ஒருவரைப் பற்றியது இந்தக் கட்டுரை. ஊரில் அவருக்குப் 'போட்டோக்கார அண்ணாச்சி' என்றுதான் பெயர்.

அண்ணாச்சிக்கு வந்த சிக்கல் கேமராவில் ஆரம்பிக்கவில்லை. வீட்டுக் கூரையில் ஆரம்பித்தது. பழைய ஓட்டு வீடு. போன சீசனில் பெய்த சாரலில் ஒரு மூலை ஒழுகி, கேமராக்கள் இருந்த இரும்புப் பெட்டிக்கும் அதன் மேல் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளுக்கும் ஈரம் இறங்கிவிட்டது. ஆனி பிறப்பதற்குள் ஓடு மாற்றியாக வேண்டும். கையில் பணம் இல்லை.

கல்லூரியில் படிக்கும் பேத்திதான் முதலில் சொன்னாள். "தாத்தா, பிலிம் கேமராவுக்கு இப்ப திரும்பவும் கிராக்கி இருக்கு. சும்மா எதுக்குப் பெட்டியில வச்சிருக்கிய?"

அவர் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் உண்டு. நிக்கான் நிறுவனம் பெரும்பாலான பிலிம் கேமராக்களின் தயாரிப்பை நிறுத்துவதாக 2006 ஜனவரியில் அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடாக் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. நம் ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் செய்துகொண்டிருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனமும் மூடிப்போனது. இத்தனையையும் பார்த்தவர் எப்படி நம்புவார்? ஆனால் பேத்தி சொன்னதும் பொய்யில்லை. 2024இல் பென்டாக்ஸ் பெயரில் புத்தம் புதிய பிலிம் கேமரா ஒன்று மறுபடி சந்தைக்கு வந்தது. டிஜிட்டலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்தான் பிலிமைத் தேடி வாங்குகிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பாயில் பரப்பினார்கள். ஒரு அக்ஃபா கிளிக் 3. ஒரு யாஷிகா மேட் 124ஜி. ஒரு பென்டாக்ஸ் கே1000. ஒரு நிக்கான் எஃப்எம்2. விவிடார் 283 பிளாஷ் ஒன்று. நீளமான ஜூம் லென்ஸ் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம் கழுவிய காலத்து என்லார்ஜர், தட்டுகள், சிவப்பு விளக்கு. அப்புறம், யாரும் கணக்கில் சேர்க்காத பதினோரு அட்டைப் பெட்டி நெகட்டிவ்கள்.

நிக்கானை எடுத்துத் துடைத்தபோது அண்ணாச்சியின் முகமே மாறிவிட்டதாம். கடையநல்லூரிலிருந்து துபாய் போன நண்பர் ஒருவர் வாங்கிவந்து கொடுத்தது. தவணை முறையில் கடனை அடைத்தார். எஃப்எம்2 வெளிவந்தது 1982இல். ஒரு நொடியில் 4000இல் ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடும் ஷட்டர் அன்று பெரிய சாதனை. பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் ஓடும். ஒளிமானிக்கு மட்டும்தான் பேட்டரி. "இத மட்டும் விக்க மாட்டேன்" என்றார்.

பேத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "தாத்தா, அந்த நாலாயிரத்துல ஒண்ணு வேகத்துல எத்தன படம் எடுத்திருக்கிய?"

யோசித்தார். ஒன்றுகூட இல்லை! அருவிக்கரை வெளிச்சத்தில் 100 வேகப் பிலிமைப் போட்டால் 125இல் ஒன்று, மிஞ்சினால் 250இல் ஒன்று. அதற்கு மேல் போனதே கிடையாது. சாரல் பட்டுவிடுமோ என்ற பயத்தில் நிக்கானை அருவிக்கே அதிகம் கொண்டுபோகவில்லை. கல்யாண வீடுகளுக்குத்தான் போனது. நமக்கு மிகவும் பிடித்த பொருளும் நமக்கு மிகவும் உழைத்த பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

உழைத்தது பென்டாக்ஸ். கே1000 மாடல் 1976 முதல் 1997 வரை தயாரானது. உலகம் முழுக்கப் படமெடுக்கப் பழகும் மாணவர்களின் கையில் இருந்த எளிய கேமரா. பாலிதீன் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் வளையத்தால் கட்டி, அதற்குள் பென்டாக்ஸை வைத்துத்தான் அவர் பேரருவி முன்னால் நின்றார்.

அருவியில் படமெடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விழும் தண்ணீர் வெள்ளை வெளேர் என்று இருக்கும். கேமராவின் ஒளிமானி அதைப் பார்த்து, வெளிச்சம் ஏராளம் என்று ஏமாந்துபோகும். ஊசி காட்டியபடி வைத்து எடுத்தால் அருவி அழகாக விழும். முன்னால் நிற்கும் நம்மவர்களின் முகம் கரிக்கட்டையாகிவிடும். அதனால் ஊசி சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூடத் திறக்க வேண்டும். முதல் சீசனில் இது தெரியாமல் ரோல் ரோலாக வீணாக்கினார். ஒரு ரோலில் 36 படம். ஒவ்வொரு தவறுக்கும் காசு. எடுத்த படம் எப்படி வந்தது என்பது தென்காசியில் கழுவிப் பிரிண்ட் போட்ட பிறகுதான் தெரியும்.

யாஷிகாவுக்கு வேறு கதை. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். 120 பிலிமில் 12 சதுரப் படங்கள். மாப்பிள்ளை பெண் படங்கள் எல்லாம் அதில்தான். அதன் ஒளிமானிக்குப் பாதரச பேட்டரி வேண்டும்; அது இப்போது சந்தையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் சாதாரண பேட்டரியின் மின்னழுத்தம் சற்று அதிகம் என்பதால் ஊசி தப்பாகக் காட்டும். ஆனாலும் ஷட்டர் சரியாக ஓடியது.

எதை விற்பது, எதை வைப்பது என்று இரண்டு நாள் பேச்சு நடந்தது. கடைசியில் முடிவைத் தீர்மானித்தது விலையும் அல்ல, பாசமும் அல்ல. பூஞ்சை! குற்றாலம் மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் லென்ஸின் முதல் எதிரி அதுதான். இருட்டும் ஈரமும் இருந்தால் போதும், கண்ணாடியின் உள்பக்கத்தில் சிலந்தி வலைபோலப் படரும். அது விடும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். தொழிலில் இருந்த காலத்தில் மரப்பெட்டிக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பை எரியவிட்டு அவர் கேமராக்களை உலர்வாக வைத்திருந்தார். ஓய்ந்த பிறகு அந்தப் பழக்கமும் ஓய்ந்தது. தோல் உறையோடு பெட்டியில் வைத்துவிட்டார். ஈரத்தை இழுத்து வைப்பதில் தோல் உறைக்கு ஈடே இல்லை.

ஜூம் லென்ஸ் முழுக்கப் போயிருந்தது. யாஷிகாவின் லென்ஸில் ஓரமாக ஒரு படர்வு. நிக்கான் தப்பித்திருந்தது. இன்னும் இரண்டு சீசன் இதே பெட்டியில் கிடந்தால் அதுவும் தப்பாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கும் ஓட்டம் வேண்டும். சும்மா கிடந்தால் உள்ளிருக்கும் எண்ணெய் இறுகி, மெதுவான வேகங்கள் இழுக்க ஆரம்பிக்கும். ஆக, ஆசைக்காகப் பூட்டி வைத்தால் கேமரா செத்துப்போகும். விற்றால் எங்கோ ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இதை அவர் ஒப்புக்கொள்ள ஒரு ராத்திரி ஆனது.

மதுரையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நிக்கானை மறுபேச்சில்லாமல் வாங்கினார். யாஷிகாவையும் கையில் எடுத்து, வெளித்தோற்றம் பார்த்து மகிழ்ந்து, விலை பேசிவிட்டார். அண்ணாச்சி சும்மா இருந்திருக்கலாம். கேமராவை வாங்கி, பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்த நிலையில் நிறுத்தி, டார்ச் அடித்துக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, ஓரத்துல பூஞ்சை இருக்கு. சுத்தம் பண்ணினா போகலாம், போகாமலும் இருக்கலாம்." பேசிய விலை இறங்கியது. பேத்திக்குக் கோபம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இருக்கதச் சொல்லித்தான் விக்கணும்."

பிளாஷை அவர் விற்கவில்லை. பழைய விவிடார் 283களின் தொடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் வருவதுண்டு. தெரியாமல் யாராவது டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் கேமரா போய்விடும். என்லார்ஜரை யாரும் கேட்கவில்லை. துணி போர்த்தி இன்னும் அப்படியே நிற்கிறது.

இப்போது நெகட்டிவ்கள். வாங்க ஆள் இல்லை, வைக்க இடமும் இல்லை. அண்ணாச்சியின் மனைவியே, "ஏங்க, ஊரான் வீட்டுப் படத்துக்கா நாம வாடகை இல்லாம எடம் குடுக்கணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அருவியில் படம் எடுத்தவர்கள் முன்பணமும் முகவரியும் கொடுத்துவிட்டுப் போவார்கள். படம் தபாலில் போகும். முகவரி தப்பாகித் திரும்பி வந்த உறைகளே ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன.

ஆனால் ஒரு சம்பவம் அவரைத் தடுத்தது. பல வருடங்களுக்கு முன் கோவில்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் தேடி வந்தார். கையில் பாதி கிழிந்த படம். பேரருவி முன்னால் ஒரு குடும்பம், பின்பக்கம் அண்ணாச்சியின் முத்திரை, 1988. கிழிந்துபோன பாதியில்தான் அவருடைய அப்பா இருந்தார். வேறு படமே வீட்டில் இல்லையாம். உறைகளில் தேதியும் அருவியின் பெயரும் எழுதி வைக்கும் வழக்கம் அண்ணாச்சிக்கு உண்டு. இரண்டு நாள் தேடி எடுத்தார். பிரிண்ட் போட்ட காசை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அந்தப் படத்தைக் காப்பாற்றியது நிக்கானோ பென்டாக்ஸோ இல்லை. அட்டைப் பெட்டியில் கிடந்த ஒரு துண்டு நெகட்டிவ். இதை நினைத்துப் பார்த்த பிறகுதான் கணக்குத் தெளிவானது. கேமராவை விற்றால் கூரை வரும். கூரை வந்தால் நெகட்டிவ் பிழைக்கும். நடராசர் சிலையாக இல்லாமல் சித்திரமாகவே ஆடும் சித்திர சபை இருக்கிற ஊர் இது. படத்தின் அருமையை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விற்ற பணத்தோடு மனைவியின் சீட்டுப் பணமும் சேர்ந்து ஓடு மாற்றியாகிவிட்டது. நெகட்டிவ்களைப் பேத்தி பிரித்து அடுக்கினாள். ஒரு பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை. பிலிமின் அடித்தளமே ஈரத்தில் சிதையும்போது வரும் வாடை அது. மற்றவற்றுக்கும் பரவும் என்பதால் அந்தப் பெட்டியைத் தனியே ஒதுக்கினார்கள். அதற்கடுத்து கலர் நெகட்டிவ்கள்; அவற்றின் சாயம் வருடத்துக்கு வருடம் மங்கும். கறுப்பு வெள்ளை வெள்ளித்துகளால் ஆனது, காத்திருக்கும். இந்த வரிசையில் டிஜிட்டல் பிரதி எடுக்கும் வேலை இப்போது நடக்கிறது.

அண்ணாச்சி வைத்துக்கொண்டவை இரண்டே. ஒன்று அக்ஃபா; அவர் முதன்முதலில் படமெடுத்தது, விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று பென்டாக்ஸ். அதில் ஒரு கலர் ரோல் போட்டு, பேத்தியை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். அவள் ஊசியைப் பார்த்துத் திருகிக்கொண்டிருந்தபோது சொன்னாராம்: "வெள்ளத் தண்ணிய நம்பாத. மூஞ்சியப் பாரு."

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய கேமரா இருக்கலாம். இருந்தால், முதலில் உள்ளிருக்கும் பேட்டரியைக் கழற்றுங்கள். தோல் உறையைத் தனியாக வையுங்கள். உபயோகிப்பீர்கள் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உபயோகிப்பவரிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நெகட்டிவ் ஏதாவது கிடந்தால், யாருடையது என்று தெரியாவிட்டாலும், அவசரப்பட்டுக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என்றாவது ஒருநாள் யாராவது தேடிக்கொண்டு வரலாம்.