தவில் எங்கே?

எங்கள் மங்களூர் கடலோரத்து மங்களூர் அல்ல. விருத்தாசலம் பக்கத்து மங்களூர். அப்பா உழைத்ததெல்லாம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளில். மின்கம்பிக்கு வைக்கும் பீங்கான் கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுண்டிப் பார்ப்பது அவர் வேலை. கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரியும்.

அந்தக் காதைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

சென்ற தை மாதம் அவருக்காக ஒரு பாட்டுப் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கிப் போனேன். பெட்டி கூடத்தில், ஸ்பீக்கர்கள் பின்கட்டில், அவர் கட்டிலுக்கு எதிரே. நடுவே பத்து மீட்டர் ஒயர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் போட்டேன். பழைய பதிவு, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம்தான் வரும்.

ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "தவில் எங்கடா?" என்றார் அப்பா.

"கேக்குதே, அப்பா."

"தட்டுற சத்தம் கேக்குது. தொம்முனு ஒண்ணு வருமே, அது எங்க?"

வயது எண்பத்து மூன்று. நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காது டாக்டருக்குச் சீட்டு வாங்கி வைத்தேன். அப்பா அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைப் போட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மாரியம்மன் திருவிழாவுக்கு மைக் செட் கட்ட வந்தவர் ஒருநாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். சொம்பைக் கீழே வைக்குமுன்பே, "ஐயா, ஒரு ஸ்பீக்கர்ல ஒயரை மாத்திக் குடுத்திருக்கீங்க" என்றார்.

ஒயரில் இரண்டு கம்பி. ஒன்றின்மேல் கோடு போட்டிருக்கும். கோடு போட்டதைப் பெட்டியில் சிவப்பு முனையில் கொடுத்தால் ஸ்பீக்கரிலும் சிவப்பில்தான் கொடுக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாறினால், ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். கனத்த சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும்.

"ஒருத்தன் தள்ள ஒருத்தன் இழுத்தா வண்டி நவுருமா?" என்றார்.

பிறகு கம்பியைப் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம்! அலுமினியம் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் கடத்தும். கேஜ் கணக்கில் எண் ஏறினால் கம்பி மெலியும்: 18 மெலிசு, 14 தடிப்பு. சதுர மில்லிமீட்டர் கணக்கில் எண் ஏறினால் தடிக்கும். பத்து மீட்டருக்கு 1.5 செம்பு தாராளம். போக வர இருபது மீட்டருக்குத் தடை கால் ஓமுக்கும் குறைவு. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது மூன்று சதவீதம். ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு என்று கூடுதல் விலை கொடுத்தாலும் இந்தத் தூரத்துக்குக் காதில் வித்தியாசம் தெரியாது.

"நீங்க ஏரிக்கரை வரைக்கும் மெல்லிசு ஒயர்தானே இழுக்கிறீங்க?" என்று மடக்கினேன்.

"அது 100 வோல்ட் லைன் ஐயா. வோல்ட்டை ஏத்தி அனுப்பினா கரண்ட் கம்மி, மெல்லிசே போதும். ஹாரன்கிட்ட டிரான்ஸ்பார்மர் இறக்கிக்கும்."

முதுமை முதலில் கவர்ந்துகொள்வது கீச்சுச் சத்தங்களை. தவிலின் 'தொம்'மை அல்ல. இதை நான் எங்கோ படித்துமிருந்தேன். ஆனால் ஒயரைச் சந்தேகிப்பதைவிட அப்பாவைச் சந்தேகிப்பது சுலபமாக இருந்தது.

ஒயர் மாற்றியாயிற்று. அப்பா சுவர்ப் பக்கமே படுத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் கட்டில் சட்டத்தில் தாளம் போட ஆரம்பித்தன.

"வந்துட்டான்" என்றார், திரும்பாமலே.

டாக்டர் சீட்டை அவர் பார்க்காதபடி கிழித்துப் போட்டேன். முன்பே பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.