வானலையும் அண்டை ஊராரும்

செல்போன் கோபுரம் சாய்ந்து, மின்சாரமும் நின்றுவிட்டால் நம் கையிலுள்ள தொலைபேசி ஊமையாகிவிடுகிறது. புயலையும் வெள்ளத்தையும் கண்ட கடலோர மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அத்தகைய வேளையிலும் ஒரு பேட்டரியையும் ஒரு செப்புக் கம்பியையும் கொண்டு வெளியுலகுடன் பேச வல்லவர்கள் இருக்கின்றனர். 'ஹாம்' என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்களே அவர்கள். அரசின் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, ஊதியம் எதையும் எதிர்பாராமல் இயங்குபவர்கள். அவர்களுள் நானும் ஒருவன்.

என் இல்லத்திற்கு வருவோர் மேசைமீதுள்ள கருவியைக் கண்டு வியந்து, "இது எத்தனை வாட்? எந்த நாடு வரை எட்டும்?" என்று வினவுவர். மொட்டை மாடியில் இரு மூங்கில்களுக்கிடையே கட்டியுள்ள கம்பியை எவரும் பொருட்படுத்துவதில்லை. துணி உலர்த்தும் கொடியென்று எண்ணியவரும் உண்டு. ஆனால், குரல் செல்லும் தூரத்தையும் திசையையும் பெரிதும் தீர்மானிப்பது அந்தக் கம்பியே.

வானொலி அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் வேகத்தில் செல்கிறது. 7.1 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது கம்பியிலுள்ள மின்னோட்டம் நொடிக்கு 71 லட்சம் முறை முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. 30 கோடியை 71 லட்சத்தால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 42 மீட்டர் எனக் கிடைக்கும். அதில் பாதியைவிடச் சற்றுக் குறைவாக, 20 மீட்டர் கம்பியை எடுத்து, நடுவில் வெட்டி, அவ்விடத்தில் கேபிளை இணைத்தால் 'டைபோல்' என்னும் ஆண்டெனா தயார். ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால் சிறு விசையிலேயே அது உயர்ந்து ஆடுமன்றோ? சரியான நீளமுள்ள கம்பியும் அவ்வாறே மின்னோட்டத்தை எளிதாக ஏற்று, அலையாக வெளிவிடுகிறது.

புதிதாக உரிமம் பெறுவோர் பலரிடம் இரு தவறான எண்ணங்களைக் காண்கிறேன். முதலாவது, மீட்டரைப் பற்றியது. ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பி வருகிறது என்பதை எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் காட்டும். முள் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுவிட்டால் தங்கள் ஆண்டெனா தலைசிறந்தது என்று அவர்கள் மகிழ்கின்றனர். 'டம்மி லோடு' எனப்படும் 50 ஓம் மின்தடையை இணைத்தாலும் முள் அப்படித்தான் நிற்கும். ஆனால் ஆற்றல் முழுவதும் வெப்பமாகிவிடும். அடுத்த தெருவுக்குக்கூட ஒழுங்காகக் கேட்காது. கொடுத்தது திரும்பவில்லை என்று மட்டுமே மீட்டர் சொல்லும். அது வானுக்குச் சென்றதா, வீணாய்ச் சுட்டதா என்று சொல்லாது.

இரண்டாவது, ஆண்டெனா ஆற்றலைப் பெருக்குகிறது என்னும் எண்ணம். 1980-களில் நம் தென்கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்ப்பதற்காக வீட்டுக்கு வீடு மீன்முள் போன்ற ஆண்டெனாக்கள் எழுந்தன. ஒருவர் மாடியில் நின்று திருப்ப, "தெரிகிறது, தெரிகிறது! அப்படியே நிறுத்துங்கள்" என்று கீழிருந்து மற்றவர் கூவியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானியரான உடாவும் யாகியும் 1926-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்த அமைப்பே அது. மூன்று தண்டுகள் கொண்ட யாகி ஆண்டெனா, டைபோலைவிட ஏறத்தாழ 3 மடங்கு ஆற்றலை ஒரு திசையில் செலுத்தும். அந்தக் கூடுதல் பங்கு மற்றத் திசைகளிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டதே.

அந்தத் திசையை அறிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சென்னையிலிருந்து நியூயார்க்குடன் பேச ஆண்டெனாவை எங்கே திருப்புவது? சுவரிலுள்ள உலகப் படம் மேற்கைக் காட்டும். உருண்டையான பூகோளத்தில் நூலை இழுத்துப் பார்த்தால், வடக்கிலிருந்து மேற்கே சுமார் 23 பாகைதான் விலகியிருக்கும். நாம் கிப்லாவைக் கணக்கிடும் முறையும் இதுவே. சென்னையில் கிப்லா நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை விலகியுள்ளது. நியூயார்க் முஸ்லிம்கள் வடகிழக்கை நோக்கித் தொழுவதன் காரணமும் இக்கணக்கே.

ஆகவே, 'எந்த ஆண்டெனா சிறந்தது?' என்ற கேள்விக்கு முன், 'யாருடன் பேச நாடுகிறோம்?' என்ற கேள்வி நிற்கிறது. எங்கள் வீட்டிலும் இது விவாதமாயிற்று. என் மகனும் உரிமம் பெற்றவன். தூர தேசங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் அவனுக்குப் பேரார்வம். "அத்தா, உங்கள் கம்பி உயரம் போதாமல் வானத்தைப் பார்த்தல்லவா பேசுகிறது? அதை அவிழ்த்துவிட்டுச் செங்குத்து ஆண்டெனா வைப்போம்" என்றான்.

அவன் கூறியது உண்மையே. என் கம்பி 25 அடி உயரத்தில் கிடைமட்டமாக உள்ளது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி மேல்நோக்கிச் செல்கிறது. பகலில் அயனி மண்டலம் அதைக் குடைபோல் கீழே திருப்பிவிட, சுற்றிலும் 300, 400 கிலோமீட்டர் வரை இடைவெளியின்றிக் கேட்கிறது. செங்குத்து ஆண்டெனாவோ அலையைத் தாழ்ந்த கோணத்தில் செலுத்தி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறக்கும். நடுவிலுள்ள ஊர்கள் பல அதன் மௌன வளையத்தில் விழுந்துவிடும்.

நான் அவனிடம் 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்டினேன். அன்று சுனாமி அந்தமான் நிக்கோபார் தீவுகளைத் தாக்கியபோது, ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் குழு போர்ட் பிளேரில் இருந்தது. உலகெங்குமுள்ள ஹாம்களுடன் பேசுவதற்காகச் சென்றிருந்த அக்குழு, தொலைபேசி செயலிழந்த அந்நாட்களில் உறவினரைத் தேடித் தவித்தோரின் செய்திகளைச் சுமந்தது. போர்ட் பிளேரிலிருந்து சென்னை 1,300 கிலோமீட்டருக்கு அப்பால். கார் நிக்கோபாரோ ஏறத்தாழ 270 கிலோமீட்டரில். இவ்விரு தூரங்களுக்கும் ஒரே ஆண்டெனா சமமாக உதவாது.

"ஆமாம் மகனே, என் கம்பி வானத்தோடுதான் பேசுகிறது. வானம் அதை நம் அண்டை ஊர்களுக்குத் திருப்பித் தருகிறது" என்றேன். அவன் விருப்பப்படியே கொல்லைப்புறத்தில் செங்குத்து ஆண்டெனாவையும் அதற்குரிய தரைக் கம்பிகளையும் அமைத்தோம். மாடிக் கம்பியை அவிழ்க்கவில்லை. மழைக்காலக் காலைகளில் அண்டை மாவட்ட நண்பர்களை அதில் அழைத்து நலம் விசாரிப்பது இப்போது அவனுடைய பொறுப்பு.

இத்துறையில் நுழைய விரும்பும் நம் பிள்ளைகள், ஆண்களாயினும் பெண்களாயினும், விலையுயர்ந்த கருவியைத் தேடுமுன் கம்பியின் இயல்பைக் கற்கட்டும். மின்கம்பிகளுக்கு எட்ட அதைக் கட்டட்டும். இடி மின்னலின்போது கேபிளைக் கழற்றி வைக்கட்டும். தொலைதூரத்து நட்பு இன்பமானதே. ஆயினும் அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு, இடர்வேளையில் பக்கத்து ஊரின் குரல் காதில் விழ வேண்டும். நம் நிய்யத்தையும் முயற்சியையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.