ஒளிரும் பூச்சும் நான்கு வரித் திருத்தமும்

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் பழுதுபார்க்க ஏற்றப்பட்டிருந்த ஓர் இழுவைப் படகின் விசிறியை ஒருமுறை தடவிப் பார்த்தேன். இதழ்களின் விளிம்பெங்கும் அம்மைத் தழும்புகள் போலக் குழிகள். துரு என்று நினைத்தேன். அருகில் நின்ற முதிய பொறியியலாளர் சிரித்தார். விசிறி சுழல்கையில் இதழின் ஒரு முகத்தில் அழுத்தம் மிகக் குறைந்து, கடல்நீர் கொதிக்காமலேயே ஆவிக்குமிழிகளாகிறது. அவை நொறுங்கும் அடியே அந்தக் குழிகள்.

அப்போது அறிவியல் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அழுத்தம் காட்டும் ஒளிர்பூச்சைப் பற்றிப் படித்த உற்சாகத்தில், கப்பல் விசிறிக்கும் இனி அதைப் பூசிவிடலாம் என்று எழுதிவிட்டேன். மறுவாரமே பெரியவர் வழிமறித்தார்.

"தம்பி, அந்தப் பூச்சுக்கு அழுத்தம் தெரியாது. ஒட்சிசன் மட்டுந்தான் தெரியும்."

உண்மைதான். 1980களில் சோவியத் ஒன்றியத்திலும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் தனித்தனியே உருவான உத்தி அது. பூச்சிலுள்ள சாயம் ஊதா அல்லது நீல ஒளி பட்டதும் சிவப்பாக ஒளிரும். ஒட்சிசன் மூலக்கூறு மோதினால் அந்த ஒளி அணைந்துபோகும். காற்றில் ஏறக்குறைய 21 வீதம் ஒட்சிசன். ஆகவே அழுத்தம் கூடிய இடம் மங்கும். குறைந்த இடம் பிரகாசிக்கும். நீரிலோ அழுத்தம் ஏறி இறங்கினாலும் கரைந்துள்ள ஒட்சிசனின் செறிவு அநேகமாக மாறுவதில்லை. என் கப்பல் விசிறி அங்கேயே மூழ்கிவிட்டது.

காற்றில் சுழல்வனவற்றுக்கோ இது பெருவரம். முன்பெல்லாம் இதழில் துளையிட்டு, நுண்குழாய் செருகி அளந்தார்கள். துளை இல்லாத இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூச்சோ முகம் முழுவதையும் காட்டும். சிக்கல், வேகம். இதழின் நுனி விநாடிக்கு 200 மீற்றர் ஓடினால், ஒரு விநாடியின் இலட்சத்தில் ஒரு பங்கில் 2 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். அதனால் ஒரே ஒரு லேசர் துடிப்பை அடித்து, ஒளி தணியும்போது அடுத்தடுத்து இரு படங்கள் எடுத்து, அவற்றின் விகிதத்திலிருந்து அழுத்தத்தைக் கணிக்கிறார்கள். நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஹெலிகொப்டர் இதழ்களை இப்படி அளந்திருக்கிறார்கள். வெப்பமும் சாயத்தை மங்கச் செய்யும் என்பதால் அதையும் கழித்தே கணக்கிட வேண்டும்.

சீனன்குடாவிலிருந்து எழும் விமானத்தின் விசிறியைப் பற்றி எழுதியிருந்தால் தப்பியிருப்பேன்.

திருத்தம் நான்கு வரியில், உள்பக்க மூலையில் வந்தது. கட்டுரைக்கு முக்கால் பக்கம் கிடைத்திருந்தது.