மரம் சாயும் வேளை

ஓசூர்ப் பகுதியில் பணியாற்றும் எவரும் இருவகை உழைப்பாளரை அறிவர். ஒருவர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்பவர். மற்றவர் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கங்களில் மரம் வெட்டப் போகிறவர். சில இல்லங்களில் அண்ணன் முன்னவராகவும் தம்பி பின்னவராகவும் இருப்பதுண்டு. அண்ணனுக்குத் தலைக்கவசம் உண்டு. முனையில் இரும்பு வைத்த பூட்சு உண்டு. விபத்தின்றிக் கழிந்த நாள்களை எழுதித் தொங்கவிடும் பலகையும் ஆலை வாயிலில் உண்டு. தம்பிக்கோ தலையில் ஒரு துண்டு, காலில் ரப்பர் செருப்பு. அவர் வேலை செய்யும் தோப்பில் நாள்களை எண்ணுவார் எவருமில்லை.

தைலமரத் தோப்பொன்றில் கால் முறிந்த ஒருவரை மருத்துவமனையில் கண்டு பேசினோம். அவர் வெட்டிய மரம் தரையில் விழாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து சிக்கிக்கொண்டது. அதை அப்படியே விட்டுவிட்டு, அதனடியிலேயே நின்று அடுத்த மரத்தில் ரம்பத்தை வைத்திருக்கிறார். சிக்கியிருந்தது உருண்டு வந்துவிட்டது. "அங்கே உங்களுக்கு முதலாளி யார்?" என்று கேட்டோம். நிலத்துக்காரர், மரத்தை மொத்தமாக விலைபேசிய வியாபாரி, ஆள் கூட்டி வந்த மேஸ்திரி, லாரிக்காரர் என்று விரல்விட்டு எண்ணினார். பிறகு, "எல்லாருமே முதலாளிதான் சாமி" என்றார். நால்வர் இருந்தும், "நிறுத்து" என்று சொல்வதற்கு அன்று ஒருவரும் இல்லை.

சொல்ல வேண்டிய அந்த ஒருவரின் வேலையைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம். கோடரி எடுப்பதற்கு முந்திய நாளே அவர் தோப்பை நடந்து பார்க்க வேண்டும். பட்ட கிளை எது, மலைத்தேனீ கூடு கட்டிய மரம் எது, மின்கம்பி எவ்வழியே போகிறது, சுற்றுச்சுவரற்ற கிணறு எங்கே மறைந்திருக்கிறது என்பவற்றை அறிந்து அடையாளமிட வேண்டும். வெட்டும் மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்குள் வேறு எவரும் நிற்கலாகாது. கிளை பொறுக்க வரும் பெண்களும் சிறுவரும்தான் இவ்விதியை முதலில் மீறுவர். அவர்களை விலக்கி நிறுத்துவது எளிதன்று. மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் வாய்போல் வெட்டி, எதிர்ப்புறம் சற்று மேலே அறுத்து, நடுவே ஒரு பட்டையளவு மரத்தை அறுக்காமல் விடுவர். அது கதவின் கீல் போன்றது. அதையும் அறுத்துவிட்டால் மரம் எத்திசையில் விழும் என்பது எவர் கையிலும் இல்லை. சாயத் தொடங்கியதும் வெட்டுபவர் பின்புறமாகச் சாய்கோட்டில் விலகுவதற்கு வழியை முன்னரே செதுக்கி வைத்திருக்க வேண்டும். நேர் பின்னே ஓடுதல் தவறு. அடிமரம் பின்னோக்கி உதைக்கும். சிக்கிய மரத்தை இறக்கும் வரை அதன் நிழலில் வேறு வேலை கூடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். பலத்த காற்றடிக்கும் நாளில் வேலையை நிறுத்துதலே நலம். அன்றைய கூலி போகிறதே என்று எல்லாரும் முணுமுணுப்பர். அம்முணுமுணுப்பைத் தாங்குவதும் அவர் வேலையின் ஒரு பகுதி.

இப்பக்கத்திற்கே உரிய ஆபத்து மற்றொன்று உண்டு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்தின் பன்னார்கட்டாக் காட்டினின்று யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, ஓசூரை அடுத்த சானமாவுக் காடுவரை வருகின்றன. விடியற்காலையிலும் அந்தியிலும் தோப்புக்குள் ஆள் அனுப்பலாகாது. ரம்பத்தின் இரைச்சலில் யானை வருவது காதில் விழாது என்பதை மேஸ்திரிகள் பலர் நினைப்பதேயில்லை.

காப்புக்காடுகளின் நிலை வேறு. கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் இட்ட ஆணைக்குப்பின், மைய அரசு ஒப்பிய செயல்திட்டமின்றி அங்கு மரம் வெட்ட இயலாது. 2014-இல் இம்மலைகளின் ஒரு பகுதி காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் ஆயிற்று. ஆகவே இன்று அங்கு நடப்பவை பெரும்பாலும் தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், உண்ணிச்செடி அகற்றுதல், ரோந்து போன்றவையே. மாசி முதல் சித்திரை வரை காய்ந்த புல்லும் உண்ணிச்செடியும் தீக்கு விறகாகும். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். காட்டுக்குள் போனவர் யார், திரும்பியவர் யார் என்று அந்தியில் எண்ணிப் பார்க்க ஓர் ஏடு எத்துணை முக்கியம்! வனக்காவலர்க்கும் வேட்டைத்தடுப்புக் காவலர்க்கும் அது பொருந்தும். தைலத்தோப்புக் கூலிகளுக்கும் பொருந்தும்.

விதிகள் இல்லாமல் இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1998-இலேயே வனத்தொழிலுக்கென்று பாதுகாப்பு நெறிகளை வெளியிட்டது. மரம் வீழ்த்துவோரும் காட்டுத்தீயை அணைப்போரும் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர். அந்த இழப்பீட்டுக் கடமையை 2020-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் தோப்பில் தாளில் எழுதிய ஒப்பந்தமே இல்லாதபோது, யார்மீது மனுப்போடுவது? நிலத்துக்காரர் வியாபாரியைக் காட்டுவார். வியாபாரி மேஸ்திரியைக் காட்டுவார். மேஸ்திரியோ பெரும்பாலும் அதே தெருக்காரர், அவரும் ஏழை. அவரைக் குற்றஞ்சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லாபம் வியாபாரிக்குப் போகிறதெனில் பொறுப்பும் அவரிடமே நிற்க வேண்டும் என்பது நம் துணிபு.

மழை ஓய்ந்ததும் மேஸ்திரிகள் முன்பணத்தோடு ஊருக்கு வருவர். பணத்தைக் கையில் வாங்குமுன் வீட்டுப் பெண்கள் நான்கு கேள்விகள் கேட்கலாம். மரத்தை விலைக்கு எடுத்தவர் பெயரும் ஊரும் என்ன? தலைக்கவசம் அவர் தருவாரா? அடிபட்டால் ஏற்றிச்செல்ல வண்டி எங்கே நிற்கும், தொலைபேசி எவ்விடத்தில் எடுக்கும்? மாலையில் ஆள் எண்ணுபவர் யார்? விடைகளை ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளவும். எழுதத் தெரியாதவர்கள் பங்கு இல்லத்திற்கு வரலாம், எழுதித் தருகிறோம்.