கடமையைச் சுமக்கும் வினை

ஆங்கில ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் கடமையைச் சுமப்பது பெரும்பாலும் ‘ஷல்’ என்ற ஒரே துணைவினை. விற்பவர் சரக்கை ஒப்படைக்க வேண்டும் என்பதற்கும் அதுதான். குழுவில் இத்தனை பேர் இருப்பர் என்பதற்கும் அதுதான். ரஷ்ய மொழியில் இதற்கு நேரான ஒரு சொல் கிடையாது. எதிர்கால வினையைப் போட்டால் கடமை கழன்று, வெறும் முன்னறிவிப்பாகிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது, அங்கே யாரை எது கட்டுகிறது என்பதை.

தாமே வாக்குக் கொடுத்துக் கட்டுப்படுகிறவருக்கு ‘அபியசூயெத்சா’. ரஷ்யக் குடிமைச் சட்டத்தொகுப்பின் 454ஆம் பிரிவு விற்பவரையும் வாங்குபவரையும் இந்த வினையால்தான் பிணைக்கிறது. சட்டம் சுமத்தும் கடமைக்கு அதே வேரில் பிறந்த ‘அபியாசன்’. பல இடங்களில் இவை இரண்டுமே வேண்டியதில்லை. நிகழ்கால வினை போதும். 1945இல் கையெழுத்தான ஐ.நா. சாசனத்துக்கு ஆங்கிலம், ரஷ்யம் இரண்டுமே மூலமொழிகள். பாதுகாப்பு அவையின் அமைப்பைச் சொல்லும் 23ஆம் பிரிவு ரஷ்யத்தில் நிகழ்காலத்தில் இருப்பது இயல்பே. ஆனால் பலப்பிரயோகத்தைத் தவிர்க்கச் சொல்லும் 2ஆம் பிரிவும் நிகழ்காலத்தில்தான் இருக்கிறது: உறுப்பு நாடுகள் அதைத் தவிர்க்கின்றன என்றே வாசகம் அமைகிறது. ரஷ்யச் சட்டநடையில் இது வருணனை அல்ல, கட்டளை. ‘வேண்டும்’ என்ற பொருளுள்ள ‘தோல்ஷென்’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் திணிப்பவர் இந்த நடையின் வலுவை உணராதவர்.

மிக ஆபத்தான சொல் ‘ஷுட்’. ஐ.எஸ்.ஓ. தரநிலைகளில் ‘ஷல்’ கட்டாயம், ‘ஷுட்’ பரிந்துரை மட்டுமே. அகராதி இதற்குக் கைநீட்டித் தருவது ‘ஸ்லேதுயெத்’. ஆனால் தொழில்நுட்ப ஆவணங்களுக்கான ரஷ்யத் தரநிலையான கோஸ்ட் 2.105-95, அந்தச் சொல்லைத் ‘தோல்ஷென்’ உடன் சேர்த்துக் கட்டாயத் தேவைகளின் பட்டியலில் வைத்தது. ஆங்கிலத்தில் ஆலோசனையாக இருந்தது, அந்த மரபில் பழகிய பொறியாளரின் கையில் மீறக்கூடாத விதியாகிவிடும். பரிந்துரையைப் பரிந்துரை என்றே சொல்லும் ‘ரெகமெந்தூயெத்சா’ இங்கே பாதுகாப்பானது.

மறுப்பிலும் இதே கவனம் வேண்டும். ஆங்கிலச் சட்டத்தின் ‘மே நாட்’ பெரும்பாலும் தடை. ரஷ்யத்தில் ‘மோஷெத் நே’ என்று எழுதினால், செய்யாமலும் இருக்கலாம் என்ற சலுகையாக மாறிவிடும். உரிமையில்லை என்று தெளிவாகச் சொல்வது ‘நே வ்பிராவே’. கடமையிலிருந்து ஒருவரை விடுவிக்கும் வாசகத்துக்கோ ‘நே அபியாசன்’.