அரை வசனம் எனக்கு, அரை வசனம் அத்தைக்கு

எங்கள் வீட்டில் மாலை ஏழு மணி என்றால் குடும்ப ஜெபம். முதலில் ஒரு பாட்டு, பிறகு ஒரு சங்கீதம், அப்புறம் ஜெபம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. பாளையங்கோட்டையில் சின்னப் பிள்ளையிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் இருந்தவள் நான். இவருக்குப் பாட ஆசை உண்டு, சுருதிதான் கிடையாது. (எழுதிக்கொள் என்று அவரே அனுமதி கொடுத்துவிட்டார்!)

மற்ற சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. சங்கீதம் என்று நாங்கள் சொல்வது கச்சேரியை அல்ல, வேதப் புத்தகத்தில் உள்ள 150 பாடல்களை. அவை தவிர, மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலை உண்டு; பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் உண்டு. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறோம். எனக்குக் கீர்த்தனைதான் உயிர். சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் இடம் வந்தால் கோயிலே திரும்பிப் பார்க்கும்படி பாடுவேன். அதில் துதி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று அப்போது நினைத்துப் பார்த்ததில்லை.

2022-ல் தைராய்டு கட்டிக்காக எனக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று எல்லோருக்கும் சந்தோஷம். மயக்கம் தெளிந்து மகளைக் கூப்பிட்டேன். வெறும் காற்றுதான் வந்தது. குரலை இயக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறதாம். அது பாதிக்கப்பட்டால் குரல் கம்மிவிடும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த அன்று மகள் பாட்டு எடுத்தாள். எட்டாத சுருதியில் எடுத்துவிட்டுப் பாதியில் நின்றாள். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை, சும்மா நின்றேன். ஆண்டவருக்கென்று நான் வைத்திருந்தது அந்த ஒரு குரல். அதையும் எடுத்துக்கொண்டு துதி என்றால் எப்படி? ரொம்ப நாள் ஜெபத்துக்கு உட்காரவே இல்லை.

அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயது எண்பது. கண்ணில் புரை, எழுத்து தெரியாது. ஒரு மத்தியானம், "ஏம்மா, பாட்டு வரலைன்னா போகுது. எனக்கு ஒரு சங்கீதம் வாசியேன். பதிமூணு வாசி" என்றார்கள்.

ஆறே வசனம்தான். ஆனால் முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே, இன்னும் எத்தனை காலம் என்று தாவீது நாலு தடவை கடவுளையே கேட்டுவிடுகிறார். பாடுகிறேன் என்று சொல்வது கடைசியில்தான். 88-ம் சங்கீதத்தில் அந்த ஆறுதல்கூட இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் துதிப் பாடல்களோடுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள்! எத்தனையோ தடவை வாசித்தவள்தான்; என் கோபத்துக்கும் அங்கே இடம் உண்டு என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு நாலைந்து வார்த்தைக்குமேல் மூச்சு நிற்காது. நான் நிறுத்திய இடத்தில் அத்தை மீதியை மனப்பாடமாகச் சொன்னார்கள். சங்கீத வசனங்கள் பெரும்பாலும் இரண்டு பாதியாகத்தான் இருக்கும். முதல் பாதி சொன்னதையே பின்பாதி வேறு வார்த்தையில் சொல்லும். எனக்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. நடுநடுவே 'சேலா' என்று ஒரு சொல் வரும், மொத்தம் 71 இடங்களில். பாடுகிறவர்கள் நிறுத்தும் இடம் என்று பலர் சொல்வார்கள். இத்தனை வருஷம் அதைத் தாண்டிப் போய்விடுவோம். இப்போது சேலா வந்தால் நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன்.

குரல் பயிற்சி கொடுத்த பெண், டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்து 'ஊ' என்று குமிழி விடச் சொன்னாள். தொண்டையைக் கனைக்காதீர்கள், கிசுகிசுவென்றும் பேசாதீர்கள் என்றாள். காலையில் குமிழி, மத்தியானம் சங்கீதம். (உங்களில் யாருக்காவது மூன்று வாரத்துக்குமேல் குரல் கம்மியிருந்தால், மிளகுப் பாலோடு நின்றுவிடாமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.) இப்படியே 150-ம் சங்கீதம் வரைக்கும் வந்தோம். எக்காளம், சுரமண்டலம், கைத்தாளம் என்று எல்லா வாத்தியத்தையும் கூப்பிட்டுவிட்டு, கடைசியில் மூச்சுள்ள எல்லாவற்றையும் கூப்பிடுகிறது. நல்ல குரல் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அத்தை அந்த வசனத்தை எனக்கு விட்டுக் கொடுத்தார்கள், முழுசாக.

பத்து மாதத்தில் குரல் வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை. பாடகர் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் ஏழு மணிக்கு, யாரும் கேட்காமலே நான் கீர்த்தனை எடுத்தேன், நன்றாகக் கீழே இறக்கி. பல்லவி முடிவதற்குள் இவரும் சேர்ந்துகொண்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் சுருதியோடு சேர்ந்திருந்தார். அத்தை ஜெபத்துக்கு மூடிய கண்ணைத் திறந்து, சத்தம் வந்த பக்கம் பார்த்துவிட்டு, மறுபடியும் மூடிக்கொண்டார்கள்.