தண்ணீர் வந்த வாரம்



கேக் வெட்டி, மெழுகுவர்த்தி ஊதும் வழக்கத்தை மதரஸாவில் நானே கண்டித்து வருபவன். (தாம் பிறந்த கிழமையாகிய திங்களன்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோன்பு நோற்றதையும் உடன் சொல்வதுண்டு.) ஆகவே, 2025 ஜூனில் என் துணைவியார் தம் பிறந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தபோது முகம் சுளித்தேன்.

அவர் கேட்டது விழா அல்ல. பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி, சேர்க்கையின்போது ஒப்புக்கு எழுதியது. "ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் நீ பிறந்தாய். இரவெல்லாம் மதகில் நீர் விழும் சத்தம்" என்று மட்டுமே அவருடைய மர்ஹூமா உம்மா சொல்லியிருந்தார்கள். அந்தத் தண்ணீரைக் கல்லணையில் ஒருமுறை பார்க்க வேண்டுமாம். தஞ்சையில் இருபது ஆண்டுக் குடித்தனம். ஒரு நாளும் நான் அழைத்துச் சென்றதில்லை. பயணத்தில் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களுடன் நபியவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய வரலாற்றை எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! வெட்கமாயிற்று.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது மரபு. 2024-இல் ஜூலை 28 வரை தாமதம். 2025-இல் உரிய நாளிலேயே திறந்தார்கள். 15-இல் கல்லணையும் திறந்தது. அடுத்த வெள்ளி மதரஸா விடுமுறை. ஜும்ஆ தொழுதபின் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

மீன் வறுவல் கடைகளின் மணம் என்னை இழுத்தது; மதகடியில் நுரைத்த நீரைவிட்டு அவர் அசையவில்லை. "உம்மா கேட்ட சத்தம் இதுதானே?" என்றார்.

அஸருக்கு அந்த நீரிலேயே உளூச் செய்தோம். தொழுதபின் அவருடைய துஆ நீண்டது. வாங்கி வைத்த மீன் ஆறிப்போயிற்று.